வெயிலில் காயப் போட்ட முகம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். முகத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எழுத எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. நான் சொல்ல நினைத்து வாயைத் திறப்பதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள். எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். இதைப் படித்து யாராவது ஒரு பெண் ராத்திரி கிரீமைப் பகலில் பூசாமல் இருந்தால் போதும். பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் வீடு அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டி, ஆத்தூர் ரோட்டிலிருந்து உள்ளே போகிற தடத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர் லாரி டிரைவர். ஒரே மகள். சேலம் டவுனில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், கீழ்த்தளத்தில் கிரீமும் சோப்பும் செண்டும் விற்கிற பக்கம் நிற்கிறாள். நான் ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லில் களத்து வேலை பார்க்கிறேன். குச்சிக்கிழங்கை, அதுதான் மரவள்ளிக்கிழங்கை, அரைத்து, பாலைத் தெளிய விட்டு, அடியில் தங்குகிற ஈர மாவை எடுத்துவந்து சிமெண்டுக் களத்தில் கொட்டுவார்கள். அதைப் பரப்பிவிட்டு, கட்டியை உடைத்து, பலகையால் தள்ளித் தள்ளித் திருப்பிவிடுவது எங்கள் வேலை. கொட்டும்போது மாவு அழுக்கு நிறமாக இருக்கும். வெயில் ஏற ஏற வெளுக்கும். மேஸ்திரி ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "இன்னொரு வெயில் காட்டுங்க, வெளுத்துரும்" என்று சொல்லிவிட்டுப் போவார். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து நான் கேட்டுக்கொண்டிருக்கிற வார்த்தை அதுதான். வெயில் பட்டால் வெளுக்கும். துணியும் அப்படித்தான், மாவும் அப்படித்தான்.

எங்கள் முகம் மட்டும் அப்படி இல்லை. தலைக்கு மேலே வெயில், காலுக்குக் கீழே வெள்ளைத் தரை. துண்டைக் கட்டிக்கொண்டாலும் கீழேயிருந்து வருகிற வெளிச்சத்துக்கு மறைவு கிடையாது. நான் பிறந்ததே கறுப்பு. களத்துக்கு வந்த பிறகு நெற்றி ஒரு நிறம், கன்னம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம் என்று ஆகிவிட்டது. வேலை முடிந்ததும் வேர்வையோடு மாவு சேர்ந்து முகத்தில் பசை போல ஒட்டியிருக்கும். அதைத் துணி சோப்புப் போட்டு, பீர்க்கங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவேன். கழுவியதும் தோல் இழுத்துப் பிடிக்கும். அப்படி இழுத்துப் பிடித்தால்தான் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம் என்று நினைத்திருந்தேன். பிறகு அந்த வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய், எண்ணெய்க்கு மேலே பவுடர். இப்போது நினைத்தால் தோல் அத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டதே பெரிது.

மகளுக்கு எருமப்பட்டியில் மாப்பிள்ளை அமைந்தது. அமைத்துக் கொடுத்தது என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. அவளைக் கட்டிக்கொடுத்ததும் எருமப்பட்டிதான். மாப்பிள்ளை அவள் வீட்டுக்காரருக்குப் பங்காளி மகன். நாத்தனார் நல்ல சிவப்பு. என் மகளும் அந்தப் பக்கத்துச் சாயல். நிச்சயத்துக்குப் போனோம். சாப்பாடு முடிந்து பெண்கள் எல்லாம் உள் ரூமில் பாயில் உட்கார்ந்து, போனில் எடுத்த போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் ஒரு போட்டோவை விரலால் பெரிதாக்கினாள்.

"இதென்னங்க, பொண்ணு பக்கத்துல ஒரே நெழலா உழுந்து கெடக்குது?"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"அட, நம்ம அண்ணியுங்களா! கோவிச்சுக்காதீங்க அண்ணி. பல்லு தெரியவுந்தான் ஆளுன்னே தெரிஞ்சுதுங்க."

சிரிப்பு அடங்கவே நேரமானது. சம்மந்தியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எப்படியோ, பொண்ணு அப்பனூட்டுச் சாயலுக்குப் போயித் தப்பிச்சுக்கிச்சுங்க" என்றாள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் கோபித்துக்கொண்டாள் என்பார்கள். நாத்தனார் யாரையும் மரியாதை குறைத்துப் பேச மாட்டாள். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு ங்க போட்டுத்தான் பேசுவாள். மகள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை. போனை வாங்கி அந்தப் போட்டோவைத் தள்ளிவிட்டாள்.

திரும்பி வரும்போது பஸ் நாமக்கல்லைத் தாண்டியது. மகள் கேட்டாள்.

"அம்மா, தாரை ஊத்தறப்ப நீதான எம் பக்கத்துல நிப்ப?"

"ஆமா சாமி. நானும் உங்கப்பனுந்தான் நிக்கோணும்."

"அத வீடியோ எடுப்பாங்க. மண்டபத்துல பெரிய டீவி வெச்சுக் காட்டுவாங்க."

"காட்டட்டும்."

"காட்டட்டும்னா? அதுக்குள்ள இந்த மூஞ்சிய ஏதாச்சும் பண்ணோணும்மா."

கூட்டத்தின் முன்னால் நிற்பது எனக்கு எப்போதும் ஆகாது. பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுக்கக் கூப்பிட்டபோதே மேடைக்குப் போகாமல் பாத்ரூமில் ஒளிந்துகொண்டவள். ஆனால் தாரை வார்ப்பது வேறு. அப்பன் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைப்பார், அம்மா சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவாள். ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசு இல்லை. அவள் பிறந்த அன்றிலிருந்து அந்தத் தண்ணீரை நான் ஊற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த வாரமே மகள் கடையிலிருந்து ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தாள். முகம் கழுவுகிற நுரைக் குழாய் ஒன்று, கழுவிய பிறகு பஞ்சில் தொட்டுத் துடைக்கிற தண்ணீர் ஒன்று, சொட்டு விடுகிற சின்ன பாட்டில் ஒன்று, ராத்திரிக்கு ஒரு கிரீம், வெயிலுக்கு ஒரு கிரீம். எல்லாவற்றிலும் இங்கிலீஷில் பொடி எழுத்து. அவள் கடையில் வருகிறவர்களுக்குச் சொல்கிற வேகத்திலேயே எனக்கும் சொன்னாள்.

"இத ஒட்டுக்கா ஆரம்பிக்காத. மொத கழுவறதும் வெயில் கிரீமும் மட்டும் போடு. பத்து நாள் போவட்டும், பொறவு ஒண்ணொண்ணா சேத்திக்கலாம். இந்த நைட் கிரீம் நைட்டு மட்டுந்தான், அதுவும் ஒரு நாள் உட்டு ஒரு நாள், பட்டாணி அளவுதான். என்ன?"

"செரி சாமி."

"என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு."

"நைட் கிரீம் நைட்டு."

"அம்மா, தலைய ஆட்டிட்டுப் பொறவு உம் போக்குல எதயாச்சும் பண்ணாத."

அவள் சொன்னது எல்லாம் சரி. நான் கேட்டதும் சரியாகத்தான் கேட்டேன். ஆனால் கல்யாணத்துக்கு ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போனால் எப்போது வெளுப்பது? ஐந்தையும் மறுநாளே ஆரம்பித்தேன். இது என் முதல் தப்பு. ஒன்றாக ஆரம்பித்தால் எது ஒத்துக்கொள்கிறது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டு முகத்துக்கு வர வேண்டும் என்பது எனக்குத் தெரியாது.

நுரைக் குழாயால் கழுவினால் முகம் மெத்தென்று இருந்தது, இழுத்துப் பிடிக்கவில்லை. அழுக்குப் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அதற்கு மேலே நாரையும் போட்டுத் தேய்த்தேன். தேய்த்த தோலில் அந்தத் தண்ணீரைத் தொட்டு வைத்ததும் சுரீரென்று எரிந்தது. களத்தில் என்னோடு வேலை செய்கிற அக்கா ஒருத்தியிடம் சொன்னேன்.

"எரியோணும் புள்ள" என்றாள் அவள். "எரிஞ்சாத்தான் வேல செய்யுதுன்னு அர்த்தம். எரியாத மருந்தெல்லாம் ஒரு மருந்தா?"

அதையும் நம்பினேன். எரிகிற நாளெல்லாம் எனக்குச் சந்தோஷமான நாள்.

வெயில் கிரீமை முதல் நாள் போட்டுக்கொண்டு களத்துக்குப் போனேன். வேர்வையில் ஒழுகிக் கண்ணுக்குள் இறங்கியது. அது வேர்வையில் போய்விடும், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் திரும்பப் பூச வேண்டும், வேர்வையில் ஓடாத தினுசும் கடையில் கிடைக்கிறது என்பதெல்லாம் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு, இது டவுனில் ஏசியில் இருக்கிறவர்களுக்கு ஆனது என்று முடிவு பண்ணி அலமாரியில் எடுத்து வைத்துவிட்டேன். கல்யாணத்தன்று போட்டுக்கொள்ளலாம் என்று பத்திரமாக வைத்தேன். இரண்டாவது தப்பு.

மூன்றாவது தப்புத்தான் என்னைக் கெடுத்தது. ராத்திரி கிரீமை இரண்டு ராத்திரி போட்டுப் பார்த்தேன். காலையில் எழுந்து கண்ணாடியில் பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை. படுத்துக்கொண்டே யோசித்தேன். ராத்திரியில் பூசிக்கொண்டு தூங்கினால் அது எப்படி வெளுக்கும்? ஈர மாவை ராத்திரியில் களத்தில் பரப்பிவைத்தால் விடியும்போது புளித்த நாற்றம்தான் அடிக்கும். பரப்பினால் வெயில் காட்ட வேண்டும். மகள் கடைக்குள் நிற்கிற பெண், வெயிலைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? எனக்கு இவ்வளவு வருஷமாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதானே என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து காலையில் பட்டாணி அளவுக்குப் பதிலாக நெல்லிக்காய் அளவு எடுத்து, முகம் முழுக்க அப்பிக்கொண்டு, துண்டையும் கொஞ்சம் மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு களத்தில் நின்றேன். மாவு ஒரு பக்கம் காய்ந்தது, முகம் ஒரு பக்கம் காய்ந்தது. உச்சி வெயிலில் மற்றவர்கள் வேப்பமரத்தடிக்கு ஒதுங்கினாலும் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போவேன்.

"என்னக்கா பளபளன்னு பூசிட்டு வாரீங்க, மாப்பள உங்களுக்கா உங்க புள்ளைக்கா?" என்று பக்கத்தில் பலகை தள்ளுகிறவள் கேட்டாள்.

"பாத்துடி, மேஸ்திரி அக்காவயும் அள்ளி மூட்டையில போட்டுறப் போறாரு" என்றாள் இன்னொருத்தி.

ஒரு வாரத்துக்குள் தோல் உரிய ஆரம்பித்தது. மூக்கு ஓரத்திலும் வாய் ஓரத்திலும் மெல்லிசாகச் செதில் செதிலாக வந்தது. நகத்தால் பிடித்து இழுத்தால் நீளமாக வரும். உரித்த இடம் ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது. என் முகத்தில் அந்த நிறத்தை நான் பார்த்ததே இல்லை. அது புண் என்று எனக்குத் தோன்றவில்லை. மகள் அப்போது ஆடி மாதக் கூட்டம் போலக் கடையில் கூட்டம் என்று விடியக் கிளம்பி இருட்டிய பிறகு வந்துகொண்டிருந்தாள். டியூப்லைட்டில் பார்த்துவிட்டு, "கொஞ்சம் செவந்திருக்குது, அப்படித்தான் இருக்கும், ஒரு நாள் உட்டுப் போடு" என்றாள். நான் காலையில் போடுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் பத்திரிகை விஷயமாக நாத்தனார் வீடியோவில் கூப்பிட்டாள். போனைக் கையில் பிடித்ததும் அவள் முகம் மாறியது.

"அட, அண்ணியுங்களா இது? வெளுத்து வந்துட்டீங்களே! என்னத்தப் போட்டீங்க? இப்பத்தான் எங்கண்ணனுக்குப் பொருத்தமா இருக்கறீங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. வீட்டுக்காரர் அன்று வீட்டில் இருந்தார். அவரும் எட்டிப் பார்த்து, "ஆமா, கொஞ்சம் தெளிஞ்சிருக்குது" என்றார். அன்றைக்கு இரண்டாவது தரமும் பூசினேன். காலையில் ஒன்று, சாப்பாட்டு நேரத்தில் ஒன்று. உரிகிறபோது நிறுத்த வேண்டும். நான் கூட்டினேன்.

கல்யாணத்துக்கு ஒன்பது பத்து நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம், முகத்தில் கொதிக்கிற கஞ்சியை ஊற்றிய மாதிரி ஆகிவிட்டது. தொட்டியில் தண்ணீர் அள்ளி முகத்தில் அடித்தேன். தண்ணீர் பட்டதும் கத்திவிட்டேன். நான் கத்தி அங்கே யாரும் கேட்டதில்லை, களத்தில் எல்லோரும் பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். சாயங்காலத்துக்குள் கண் இரண்டும் வீங்கிப் பாதி மூடிக்கொண்டது. கன்னத்தில் கொப்புளம் கொப்புளமாக நீர் கோத்திருந்தது. மகள் வந்து வாசலிலேயே பையைப் போட்டுவிட்டாள்.

"என்னத்தப் போட்ட?"

"நீ குடுத்ததத்தான் சாமி."

"எப்பப் போட்ட?"

"காலைல."

"எதை?"

"நைட் கிரீம."

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நைட்டுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லம்மா?"

"நைட்டு போட்டா எப்படி சாமி காயும்? வெயில் பட்டாத்தான வெளுக்கும். மாவு..."

"மாவா?"

என்னையே பார்த்தாள். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே சிரித்தாள், தோளெல்லாம் குலுங்க. பிறகு அதுவே அழுகையாகிவிட்டது.

"உன்னய யாரும்மா யோசிக்கச் சொன்னா?" என்றாள். "பூசச் சொன்னாப் பூச வேண்டீதுதான. உன்னய யாரு யோசிக்கச் சொன்னா?"

மறுநாள் சேலத்தில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எனக்குப் பக்கத்து நாற்காலியை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். டாக்டர் விளக்கைப் போட்டுப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார். மகள் சொன்னாள். மாவைப் பற்றியும் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து ரூமிலிருந்து ஒரு சின்ன டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்.

"இங்க வாங்க, இதக் கேளுங்க. அம்மா சேகோ மில்லு. மாவக் காயப் போடற மாதிரி மூஞ்சியக் காயப் போட்டிருக்காங்க. நீங்களே சொல்லுங்கம்மா, எப்படிப் போட்டீங்க?"

நான் சொன்னேன். அந்த டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

ஆனால் அவர் வேலையில் குறை சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, ஒரு களிம்பை மட்டும் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்த ராத்திரி கிரீம் மேல்தோலை மெலிசாக்குகிற ஜாதி, மெலிந்த தோல் வெயிலைத் தாங்காது, அதனால்தான் இருட்டியதும் பூசி விடிந்ததும் கழுவச் சொல்வது என்றார். வெயிலில் நிற்கிறவர்கள் மற்றது எதை வாங்காவிட்டாலும் வெயில் கிரீமை விடக் கூடாது, பூசிக்கொண்டாலும் துண்டை இறக்கிக் கட்ட வேண்டும் என்றார். எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் இல்லை, கழுவிவிட்டு நிறுத்து என்று அர்த்தம். உரிகிற தோலைப் பிடித்து இழுக்கக் கூடாது. நாரும் துணி சோப்பும் முகத்துப் பக்கமே வரக் கூடாது. சொன்னதையெல்லாம் மனசில் வாங்கிக்கொண்டேன். இங்கே எழுதியிருப்பதில் சரியானது எல்லாம் அவர் சொன்னது.

கடைசியில், "உங்க நெறத்துக்கு நீங்க நல்லாத்தாம்மா இருந்திருப்பீங்க" என்றார். "கல்யாணம் என்னிக்கு?"

மகள் சொன்னாள்.

"அதுக்குள்ள ஆறாது. ஆறினாலும் கரும்புள்ளி விழும், அது போக மாசக்கணக்காகும். பூசி மறைக்கலாம்னு நெனைக்காதீங்க."

கொப்புளம் உடைந்து பொருக்குத் தட்டியது. முகம் முழுக்கப் பொட்டுப் பொட்டாக. கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்துக்கு வந்த நாத்தனார், என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள்.

"ஏனுங் அண்ணி, வெளுக்கச் சொன்னா இப்படி உரிச்சே போட்டுட்டீங்களே" என்றாள். பிறகு கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். "இதப் பாத்தா அம்மை மாதிரியே இருக்குதுங்க. நமக்குத் தெரியும், வாரவங்களுக்குத் தெரியுங்களா? கோடை வேற. மண்டபத்துல அம்மை கண்டவங்க இருக்கறாங்கன்னு ஒரு பேச்சுக் கெளம்பினா மாப்பள ஊட்டுக்காரங்க ஒருத்தரும் பந்தீல உக்கார மாட்டாங்க. புள்ள கொழந்தைகளத் தூக்கிட்டு வருவாங்க. வேண்டாமுங்க அண்ணி. நீங்க மேடைக்கு வர வேண்டாமுங்க."

"டாக்டர் சீட்டு இருக்குது" என்றேன். அதுவே நான் பேசிய பெரிய பேச்சு.

"சீட்ட நெத்தில ஒட்டிட்டு நிப்பீங்களா?"

சம்மந்தியம்மாளும் இரண்டு மூன்று பெண்களும் நின்றிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்றிருந்தது. மகள் அப்போது அலங்காரத்துக்கு உட்கார்ந்திருந்தாள். அந்த அலங்காரம் செய்கிற பெண்ணிடம், "அக்கா, அம்மாவுக்கும் கொஞ்சம் போட்டு மறைக்க முடியுங்களா?" என்று கேட்டாள். அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து பார்த்தாள். "பச்சப் புண்ணுங்க. இதுமேல எதயாச்சும் போட்டாச் சீழ் வெச்சிரும். நான் தொட மாட்டேனுங்க" என்றாள். அவள் சொன்னது நியாயம். மகள் கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தாள். தலையைத் திருப்பாமல், "அம்மா, அப்ப அத்தையே ஊத்தட்டும்" என்றாள்.

ஆனால் அத்தை மட்டும் ஊற்ற முடியாது. கல்யாணச் சடங்குச் சீரெல்லாம் நடத்திவைக்கிற பெரியவர் வந்து, தம்பதியாகத்தான் நிற்க வேண்டும், அண்ணனும் தங்கையும் சேர்ந்து நிற்கிற வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார். அப்படியானால் நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும். என் வீட்டுக்காரரும் இறங்க வேண்டியதாகிவிட்டது. இது யாரும் முன்னால் யோசிக்காதது. அவர் பட்டு வேஷ்டியோடு என்னைத் தேடிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்கு வந்தார்.

"குஜராத்துல இருந்து லோடே இல்லாம வண்டியத் திருப்பிட்டு வந்தேன்" என்றார். "இதுக்குத்தான். உன்னால எனக்கும் இல்லாமப் போச்சு."

முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"செவப்பாவோணும்னு நான் கேட்டனா? ஒரு நாளாச்சும் கேட்டனா?"

கேட்டதில்லைதான். தெளிஞ்சிருக்குது என்று சொன்னது அவருக்கு ஞாபகம் இருக்காது. ஒரு வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

முகூர்த்தத்தன்று நான் ஸ்டோர் ரூமில்தான் இருந்தேன். வருகிறவர்களுக்குக் கொடுக்கிற தாம்பூலப் பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தேன். சேலை நல்ல சேலைதான், மகள் எடுத்துக் கொடுத்தது. முந்தானையால் முக்காடு போட்டிருந்தேன். கரண்டு மேளம் மாதிரி இல்லாமல் நிஜ மேளமே வைத்திருந்தார்கள், சுவர் அதிர்ந்தது. யாரோ ஒரு ஆள் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏம்மா, ரெண்டு பை குடு, வண்டிக்கு நேரமாச்சு" என்றார். கொடுத்தேன். முகத்தைப் பார்த்துவிட்டுப் பைகளை நுனியில் பிடித்துக்கொண்டு போனார். அந்தப் பக்கம் மைக்கில், பெண்ணைப் பெற்றவர்கள் முன்னால் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். பிறகு யாரோ மைக்கை மறைத்துக்கொண்டு பேசினார்கள். பிறகு அத்தை மாமா வாருங்கள் என்று திருத்திச் சொன்னார்கள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மைக்கில் கேட்காது. மேளம் மாறியதை வைத்துத்தான் ஊற்றிவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன். தேங்காய் கையிலேயே இருந்தது.

எல்லாம் முடிந்து மகளும் மாப்பிள்ளையும் ஸ்டோர் ரூம் வாசலுக்கு வந்தார்கள், காலில் விழ. பின்னாலேயே கேமராக்காரர் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இங்க வேண்டாங்கண்ணா" என்றாள் மகள் அவரிடம்.

எனக்காகச் சொன்னாளா, அவளுக்காகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் போவதில்லை. விளக்கு திரும்பிப் போனது. இரண்டு பேரும் குனிந்தார்கள். தலையில் கை வைத்தேன். மாப்பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, "அத்தைக்கு என்னாச்சுங்க?" என்று மெதுவாகக் கேட்டார். அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"வெயில்ல நின்னுட்டாங்க" என்றாள் மகள். பிறகு என் பக்கம் திரும்பி, "களிம்பு போட்டியாம்மா?" என்றாள்.

"போட்டேன் சாமி."

"நேரத்துக்குப் போடு."

வெளியே கூப்பிட்டார்கள், போய்விட்டார்கள்.

மறுநாள் மறுவீட்டு விருந்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு கோழி எடுத்துக் குழம்பு வைத்தேன். குழம்பில் உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது என்று நாத்தனார் சொன்னாள். சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கு வேனில் எருமப்பட்டிக்குக் கிளம்பினார்கள்.